இரண்டாம் முறை

டுங்காத் துறையில் அவள் முதலில் கொண்டுவந்து போட்டது
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஒன்று நீலம். இன்னொன்றுக்குக் கை ஒடிந்திருந்தது,
ஒடிந்ததில் தான் உட்கார்ந்துகொண்டாள்.
ஒமேனா மீன் காயவைக்கும் பெண்கள்
என்ன விற்கிறாய் என்று கேட்டார்கள்.
"வாங்க வந்திருக்கிறேன்" என்றாள் அகேயோ.
அப்போது அவளுக்குப் பத்தொன்பது.
படகு எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்து
சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் லுவோ மொழியில்
எப்படி இருக்கிறாய் என்றால்
நன்றாக இருக்கிறேன் என்பதுதான் விடை.
கேள்வியோடு ஒட்டிப் பிறந்த விடை.
அகேயோ அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு
மறுபடியும் கேட்பாள்:
எப்படி இருக்கிறாய்?

அவ்வளவுதான்.
அந்த இரண்டாம் முறைக்கு
எங்களில் ஒருவரிடமும் விடை தயாராக இல்லை.
வலைக்காரன் ஒபூரா, ஆறடி ஆள்,
நீல நாற்காலியில் உட்கார்ந்து
மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தான் ஒரு மதியம் முழுக்க.
யாரும் சிரிக்கவில்லை அன்று.

பதினாறு வயதில் ஒரு பள்ளித் தவணை முழுக்கச்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் அவள்.
பேய் என்றது சபை. சோம்பல் என்றது பள்ளி.
சுவரில் இருந்த விரிசல்களின் எண்ணிக்கையை
எப்போது கேட்டாலும் சொல்வாள்: முப்பத்தொன்று.

சாக முயன்று பிழைத்தவனைக்
கைது செய்யும் சட்டம் அன்று இருந்தது.
கோண்டெலே காவல் நிலைய வாசலில்
ஒரு பையனுக்காக மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள்.
முழக்கம் இல்லை, அட்டை இல்லை.
வருகிற காவலர் ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தாள்,
இரண்டு முறை.
மூன்றாம் நாள் மாலை பையனை விட்டார்கள்.
ஒரு காவலர் மட்டும்
அவளிடம் தொலைபேசி எண் வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு ஆகாயத்தாமரை வளைகுடாவை மூடியது.
கரையிலிருந்து பார்த்தால் பச்சை வெளி, ஊதாப் பூ வேறு.
உள்ளே சிக்கிய படகு இம்மியும் நகராது.
"மனசும் இப்படித்தான், இல்லையா?" என்றேன்,
பெரிதாக ஏதோ கண்டுபிடித்தவன் போல.
"உவமை வேண்டாம் ஒதெரோ.
எத்தனை நாளாகத் தூங்கவில்லை, அதைச் சொல்."
நாற்பது, என்றேன்.
அதற்கு முன் நானே எண்ணிப் பார்த்ததில்லை.

இருபத்துநான்கில் அவளைக் கொண்டுபோனது ரத்தம்.
அரிவாளாய் வளையும் அணுக்கள், பிறவி நோய்,
மழை பிடித்த ஒரே இரவு.
ஊர் அதை நம்பவில்லை.
ஊருக்கெல்லாம் சொன்னவளே பார், என்று
பந்தலுக்குள்ளேயே முணுமுணுத்தது.
நான் இரண்டு பேரை அடிக்கப் போனேன்.
அவள் அம்மா எழுந்து நின்று
மருத்துவமனைச் சீட்டை ஒரு வரி விடாமல் வாசித்தாள்.
மடித்தாள். பிறகு சொன்னாள்:
"நீங்கள் நினைத்தது போலவே இருந்திருந்தாலும்
இதே பந்தலைத்தான் போட்டிருப்பேன்."

இப்போது அவள் போன் எங்களிடம் சுற்றுகிறது.
பொத்தான் போன், மூன்றாம் எண் அழிந்துவிட்டது.
என் பட்டறைக் கதவில் சுண்ணக்கட்டியால் முறை எழுதியிருக்கிறோம்:
திங்கள் ஒபூரா,
வியாழன் அந்தக் காவலர், சீருடையைக் கழற்றிவிட்டு.
செவ்வாய் இரவு என்னுடையது.
சிலர் எடுத்தவுடன் வைத்துவிடுகிறார்கள்.
சிலர் எஞ்சின் பழுதுபற்றியே பேசுகிறார்கள்,
நானும் கார்புரேட்டர்பற்றியே பேசுகிறேன், விடியும்வரை.
எல்லோரையும் பிடித்து நிறுத்த முடிந்ததில்லை.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

போன செவ்வாய் ஒரு குரல், சின்னப் பையன்.
பேசி முடித்து வைக்கப் போகும்போது
நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றான்.
நன்றாக இருக்கிறேன், என்றேன்.
அந்தப் பக்கம் தவளைச் சத்தம்.
இந்தப் பக்கமும் அதே தவளைகள்.

அவன் மறுபடியும் கேட்டான்.