போ என்றால்

சரண்டா கடற்கரையில்
ஒரு கால் வேனுக்குள், ஒரு கால் தார்ச்சாலையில் வைத்து
"ஜிரோகாஸ்தர்?" என்று கேட்டேன்.
ஓட்டுநர் பெத்ரித்
தலையை இடவலமாக ஆட்டி
"போ" என்றார்.
உள்ளே வைத்த காலையும் எடுத்துவிட்டேன்.

வேன் முழுக்கச் சிரிப்பு.
தக்காளிக் கூடைக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"போ, போ, போ" என்று சொல்லிக்கொண்டே
உள்ளே இழுக்கும் ஒருத்தியை
அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன்.

அல்பேனிய மொழியில் போ என்றால் ஆம்.
யோ என்றால் இல்லை.
தலை இடவலம் போனால் சம்மதம்,
மேலே சொடுக்கினால் மறுப்பு.
இரண்டிலும் சேராத நம்மூர்த் தலையாட்டலை
நான் ஆட்டிக் காட்டியதும்
பெத்ரித் கண்ணாடியில் பார்த்து
வண்டியையே ஓரங்கட்டினார்,
எனக்கு உடம்புக்கு ஏதோ என்று.

நடுவழியில் நீலக்கண் ஊற்று.
ஐம்பது மீட்டர் இறங்கியும் அடி தெரியவில்லையாம்.
விரலை விட்டேன்.
எலும்பு வரை ஆம் என்றது தண்ணீர்.

மழை விட்டிருந்தது ஜிரோகாஸ்தரில்.
கற்பலகைக் கூரைகள்
அப்போதுதான் பிடித்த மீனின் முதுகாக மின்ன,
பதினோரு கிலோ பையோடு
வழுக்கும் கல்தெருவில் நான் ஏறியதை
ஏறியது என்று சொல்ல முடியாது.
கோட்டையில் துருப்பிடித்த ஒரு போர்விமானம்.
எந்தப் பேரரசு எப்போது வந்தது என்ற பலகையைப் படித்தேன்,
மறந்துவிட்டேன்.
பலகையின் நிழலில் தூங்கிய நாய்க்கு
ஒரு காது இல்லை, அது நினைவிருக்கிறது.

லூம்துரியின் விடுதியில் மூன்று அறை,
ஒரு வெந்நீர்க் குழாய்.
குழி குழியான வாணலியில்
சோறு, முட்டை, புதினா பிசைந்து உருட்டிச் சுட்டாள்.
கிஃப்கி என்றாள்.
பணியாரம் என்றேன்.
கம்பியால் திருப்பிப் போடும் அந்த மணிக்கட்டுச் சுழற்சிக்கு
மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
ஒன்பது தின்றேன்.

இரவு பத்தரைக்கு
கைப்பேசியில் யாரிடமோ போ போ என்றுகொண்டிருந்தாள்.
பெரிய சண்டை என்று
பழக்கதோஷத்தில் போர்வைக்குள் சுருண்டேன்.
கணவன் எல்லைக்கு அந்தப்புறம்,
யானினாவில் கொத்துவேலை என்று
காலையில்தான் சொன்னாள்.
சாப்பிட்டாயா? போ.
கூரை இன்னும் ஒழுகுகிறதா? போ.
எனக்காகக் காத்திருக்கிறாயா?
அதற்கு என்ன சொன்னாள் என்று
நான் கேட்கவில்லை.

ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டையும்
எட்டாம் வகுப்பில் ஒரே மூச்சில் ஒப்பித்தவள் நான்.
பா, பூ, பே, பை, போ.
பையும் போவும் அடுத்தடுத்து இருப்பதை
அப்போது யாரும் கவனிக்கவில்லை.
கிளம்புவதற்கு முந்தின ராத்திரி
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்
அவன் சொன்னதும் அந்தக் கடைசி எழுத்துதான்.
நான் பையை எடுத்தேன்.

நான்கு நாள் இருந்தேன்.
ஒருநாள் முழுக்க மழை,
ஜன்னலோரம் மலைத் தேநீர், ஒரே சாக்ஸை மூன்று முறை காயவைத்தல்.
பயணம் என்று படம் போட்டுக் காட்ட
அதில் ஒன்றுமில்லை.

கிளம்பும்போது
லீக் கீரை வைத்த பைரெக்கை
வெள்ளித்தாளில் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.
வாய் தானாக "வரேன்" என்றது.
புரியாமல் பார்த்தாள்.
போகிறேன் என்பதற்கு எங்களிடம் சொல் உண்டு,
வாசலில் நின்று யாரும் சொல்வதில்லை
என்பதைக் கைப்பேசிக்கு விளக்கத் தெரியாமல்
"மறுபடி வரலாமா" என்று மட்டும் தட்டினேன்.

லூம்துரி தலையை
இல்லை இல்லை என்பதுபோல் ஆட்டினாள்.
"போ" என்றாள்.

பெர்மெத் போகும் வேனில்
பைரெக்கின் எண்ணெய் வரைபடத்தில் ஊறியது.
வியோசா ஆற்றை நனைத்து,
மெல்ல எல்லையைத் தாண்டி,
யானினா வரை.