இடப்பக்கம்

உவைஸ் கடைக்கு வந்தது தலை வெட்ட அல்ல.
"குகன், மெஷினை எடுத்துக்கொண்டு வா,
ஒருத்திக்கு முடி எடுக்கணும்."
கதிரையில் இருந்தவர் பாதித் தாடியோடு
கண்ணாடிக்குள் சிரித்தார்.

பாசிக்குடா மணலில்
சுற்றுலாப் பிள்ளைகளைச் சுமந்த குதிரை.
நுவரெலியாவில் ஓடிய காலத்தில்
வாயில் நுழையாத ஒரு பேர் இருந்ததாம்.
இங்கே சுல்தானா.
கார்த்திகை வாடையில் ஹோட்டல் கூரைத் தகரம் ஒன்று
கழன்று, மணலில் உருண்டு, எழும்பி
அவள் இடது விலாவில் இறங்கியது.
பதினேழு தையல்.
தையல் பிரித்து இரண்டு மாதம்;
ஓரமெல்லாம் முடி அடர்ந்து, அடியில் சீழ்.

முடியை எடுத்தால்தான் மருந்து பிடிக்கும் என்றாராம்
வாழைச்சேனை மிருக வைத்தியர்.
ஊசி போட்டு மயக்கலாமே என்று கேட்டேன்.
ஊசியோடு கிட்டப் போன அவருடைய உதவியாளர்
இன்னும் நொண்டுகிறார்.

பூவரசில் கயிறு. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தாள்.
நான் தொடவில்லை. தொட நினைத்தேன்.
அதற்கே விலாத் தோல் சிலிர்த்து ஓடியது,
காது பின்னால் ஒட்டியது,
தண்ணி வாளி வேலிக்கு அங்கால கிடந்தது.
"இப்பிடித்தான்" என்றான் உவைஸ்,
வாளியை எடுக்கப் போகாமல்.

பதினெட்டு வருசமாக மற்றவர் தலையில் கைவைத்துப் பிழைக்கிறேன்.
கொதிதண்ணி ஊற்றுப்பட்டு காது வெந்த ஒரு பொடியன் வருவான்.
சீப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு
காதுக்கு எட்டத்தில், தோளில் தொடங்குவேன்.
இப்ப தொடப்போறன், என்பேன்.
இப்ப எடுக்கப்போறன், என்பேன்.
இரண்டாவதைச் சொன்னபடி செய்ததால்தான்
முதலாவதுக்கு விட்டான்.

சுல்தானாவுக்கும் அதே வார்த்தை.
வலப்பக்கம், கழுத்தில், புறங்கையால்.
அவள் விலக முதல் நான் விலகினேன்.
தொட்டேன், எடுத்தேன், எடுத்த கையைக் காட்டினேன்.
அன்றைக்கு அவ்வளவுதான்.
"மறுகா என்ன, ஒரு மயிரும் எடுபடல்லியே"
என்று உவைஸ் பெற்றோல் காசைக் கணக்குப் பார்த்தான்.

ஐந்தாம் நாள் எனக்கு அவசரம்.
மெஷினைத் தூரத்தில் வைத்து ஓடவிட்டேன், பழகட்டும் என்று.
அது இரைந்தது.
எனக்கு அது மெஷின், அவளுக்குத் தகரம்.
நின்ற இடத்திலேயே மூத்திரம் போனாள்.
அதற்குப் பிறகு ஒரு கிழமை
கழுத்தையும் தரவில்லை.

கத்தரிக்கோலுக்கு வந்தேன்.
அவள் புல் மெல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்று
வெறும் காற்றை வெட்டினேன்.
ரோட்டால் போன மீன்காரர்
சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

உவைஸ் அசர் தொழப் போயிருந்த ஒரு நாள்
என் கை முதுகு வழியாக
இடப்பக்கம் இறங்கியது.
தோல் நடுங்கியது.
எடுத்தால் நடுக்கம்தான் வழி என்றாகிவிடும்.
அழுத்தினால் நானும் தகரம்.
வைத்தபடி நின்றேன்.
என் விரலும் நடுங்கியது, அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அலை இரைச்சல் கேட்டது, பிறகு கேட்கவில்லை.
அவள் தலையைத் தாழ்த்தி
மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டு
உதட்டை நக்கினாள்.

ஒரு வெட்டு.
இன்னொன்று.
மூன்று விரல் அகலம் போனபோது
பின்கால் எழும்பியது;
உதைக்கவில்லை, எழும்பி
அப்படியே நின்றது.
"போதும்" என்று சொல்லிக் கையை எடுத்தேன்.
காலை வைத்தாள்.

இவ்வளவு கோணலாக நான் யாருக்கும் வெட்டியதில்லை.
உவைஸ் வந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
வாளியில் தண்ணி நிரப்பினான்.

காலையில் கடையைத் திறந்தால்
சட்டைப் பையிலிருந்து கொட்டிய முடி தரையில்.
"இது ஆருடைய செம்பட்டை?" என்றார்
முதல் ஆளாக வந்த தபால்காரர்.
"ஒரு ஆள்" என்றேன்,
"பாதிதான் வெட்டியிருக்கு."