எழுபத்தொன்பதாவது அட்டை

நாலாம் இலக்க அறையில்
மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது கட்டு,
மணல் ஒட்டின ஊதாத் துணியில் சுற்றியபடி.
விட்டுப்போனவள் இந்நேரம்
எல்ல ரயிலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருப்பாள்.
முதலாளிக்கு அழைத்தேன்.
"டாரட் கார்ட்ஸ். வைச்சிரு, இல்லாட்டி எறி."

உப்புவெளியில் எறிகிற எதுவும்
கடைசியில் ஏதோ ஒரு பிள்ளையின் கைக்குத்தான் போகும்.
அதனால் நானே கொண்டுவந்தேன்.

கொடுக்குமுன் ஒருமுறை தடவிப் பார்த்தேன்,
சூடை மீனில் முள் எடுக்கிற மாதிரி.
பதின்மூன்றாவதில்
வெள்ளைக் குதிரையில் ஒரு எலும்புக்கூடு.
அதன் முன்னால் முழந்தாளில் ஒரு குழந்தை, கையில் பூ.
அதை மட்டும் உருவிப்
பருப்புப் பேணிக்குள் போட்டு மூடினேன்.

சனிக்கிழமை, ரியூசன் விட்ட பிறகு
சீமெந்து நிலத்தில் விரித்தார்கள்:
என் இரண்டும், முன்வீட்டு நுஸ்கியும்.
எனக்கு இதில் என்ன தெரியும்?
"நடக்கப்போறதை இது சொல்லாது.
படத்தைப் பாருங்கோ,
உங்களுக்கு என்ன தோன்றுதோ அதைச் சொல்லுங்கோ."
அவ்வளவுதான் சொன்னேன்.

நுஸ்கி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.
"நான் ஒண்டும் கேக்கமாட்டன் அன்ரி, எங்களுக்குக் கூடாது.
படம் மட்டும் பாக்கிறன்."
படம்தான் மகன் இருக்கு என்றேன்.

மலை விளிம்பில் வானம் பார்த்து நிற்கிறவனை
டிலுக்சிகாவுக்கு உடனே தெரிந்தது:
"இராவணன் வெட்டிலை செல்ஃபி எடுக்க வாற கொழும்புப் பெடியன்.
நாய்க்கு விளங்குது, இவருக்கு விளங்கேல்லை."

தலைகீழாய்த் தொங்குகிறவன்
ஜெட்டியிலிருந்து பாயும்போது
வீடியோவை நிப்பாட்டினது போல என்றான் வேணுஜன்.
மின்னல் விழும் கோபுரம்
போன மாரிக்கு அடி வாங்கின சிக்னல் டவர்.
ஒரு கிழமை நெட் இல்லை.

பிறகு விளக்கோடு தனியே நிற்கும் கிழவன் வந்தான்.
கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
"அப்பா," என்றாள் டிலுக்சிகா,
"டோகாவிலை நைட் டியூட்டி.
டோர்ச் மட்டும் பழசு."
நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.
அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

வேணுஜன் எண்ணாமல் எதையும் நம்பாதவன்.
"எழுபத்தேழு."
அக்கா போனில் தேடினாள்.
"எழுபத்தெட்டு இருக்கவேணும்."
விரலால் தள்ளித் தள்ளி,
எது இல்லை என்று கண்டுபிடித்து,
போனை நெஞ்சோடு கவிழ்த்துவைத்து
என்னைப் பார்த்தாள்.
"சாவையோ அம்மா ஒளிச்சனீங்கள்?"

கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன்.

அப்போதுதான் நுஸ்கியின் கைகள்
முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தன.
"ஒரு பென்சில் தாங்கோ."

பழைய வங்கிக் கலண்டரின் மட்டையை வெட்டி,
குப்புறக் கிடந்து கீறினான்.
குதிரை இல்லை. எலும்பு இல்லை.
கோட்டை வாசலில் சரிந்து கிடக்கும் மான்,
ஊதின வயிறு,
வாயோரத்தில் லஞ்ச் சீற்றின் ஒரு மூலை.
மூன்று பேரும் பள்ளிக்குப் போகும்போது கண்டதாம்.
வயிற்றை வெட்டின மிருக டொக்டர்
சொப்பின் பையை இழுத்தாராம், இழுத்தாராம்,
முடியவேயில்லையாம்.
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
"நீங்கள் பயப்படுவீங்கள் எண்டு."

வேணுஜன் கீழே பதின்மூன்று என்று எழுதினான்,
ஒன்றை மட்டும் கொஞ்சம் சரித்து.

இரவு பேணியைத் திறந்தேன்.
மண்டையோட்டில் பருப்புத் தூள்.
நுஸ்கியின் மானுக்குப் பக்கத்தில் வைத்தால்
பள்ளிக்கூட நாடகத்துக்கு உடுத்தி நிற்கிற மாதிரி இருந்தது அது.
மான் கண்ணை மூடவில்லை.
இரண்டையும் கட்டுக்குள் செருகினேன்.

காலையில் பல்லுத்தீட்ட முதலே எண்ணியிருக்கிறான்.
"எழுபத்தொன்பது" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டை மூக்கருகே கொண்டுபோனான்.

"ஒண்டு மட்டும் பருப்பு மணக்குது."