பதினாலாம் பிளாக்

பூச்சு உரிந்த ரைஸ் குக்கரின் உள்பானையில் வளர்த்தேன்.
நீலக் கேன் வாசலில் சும்மாதான் கிடந்தது, வேண்டாமென்று விட்டேன்.
எத்தனை தடவை அலசினாலும்
அது கேன் இல்லை, மருந்து.

விதை, சுங்கை சிப்புட் பாசார் மாலாமில்
ரசத்துக்கென்று வாங்கிய கெத்தும்பார்.
ஒரு வெள்ளி இருபது காசு.
பாட்டிலை மேலே உருட்டி இரண்டாகப் பிளந்து
ஓர் இரவு ஊறவைத்து
குழாயடி ஓரம் தூவினேன், வெயில் பாதி, சுவர் பாதி.

பன்னிரண்டாம் நாள் முளை.
நாலாம் வாரம் ஒரு சட்னிக்குத் தேறும் இலை.
கிள்ளவில்லை, இன்னும் வரட்டுமென்று.
ஐந்தாம் வாரம் அது என்னைக் கேட்கவில்லை:
நடுத்தண்டு எழும்பி, இலையெல்லாம் நூலாகி,
உச்சியில் குடைக்கம்பி போலப் பிரிந்து பிரிந்து
வெள்ளைப் பூ,
ஓரத்து இதழ் மட்டும் பெரிசாக.

"இந்த வெக்கைக்கு ஓடிப்போச்சு, பிடுங்கிப் போடு"
என்றாள் பக்கத்து வீட்டுத் தவமலர்.

பிடுங்குவது என் வேலை இல்லை.
நான் அடிக்கிறவள்.
பெரட்டு முடிந்ததும் லோரி,
முதுகில் பதினாறு லிட்டர்,
செம்பனை வட்டத்துக்குள் ஒரு புல் நிற்கக்கூடாது.
பதினோரு வருஷம்.
பூவை முகர்ந்து பார்த்தேன்;
என் கையுறைதான் மணத்தது.

காய் பழுத்ததும் உருவி
வேலைச் சட்டைப் பையில் போட்டேன்.
பையில் ஓட்டை.

மூன்று மாசம் கழித்து எங்கள் முறை திரும்ப,
பதினாலாம் பிளாக்கில்
நாங்கள் ரொட்டி தின்ன உட்காரும் மட்டைக் குவியல் பக்கம்
நூல் இலை. ஏழெட்டுச் செடி.
வெள்ளையும்கூட.
பின்னால் மண்டோரின் மோட்டார் சைக்கிள்.

மட்டை இழுக்கிற ரஃபிக்குல் குனிந்தான்,
கசக்கினான், முகர்ந்தான்.
"தோனே" என்றான்.
"மல்லி" என்றேன்.
"கெத்தும்பார்" என்றான், இரண்டு பேருக்கும் பொதுவாக.
வேரோடு பிடுங்கி
சோற்று டப்பாவுக்குள் மடித்து மடித்து அடுக்கினான்.

"அங்க என்னா நிக்கிற?"
"குழாய் அடைச்சுக்கிச்சு மண்டோர்"
தட்டினேன், திருகினேன், ஊதினேன்,
டப்பா மூடும் சத்தம் கேட்கும்வரை.

ஒரு செடியை விட்டிருந்தான்.
எனக்கென்றா, மறந்தா, கேட்கவில்லை.
காய்ந்த மட்டை ஒன்றைக் காலால் இழுத்து
அதன்மேல் சாய்த்துவிட்டு
அடித்தேன்.