வலப்பக்கக் கண்ணாடி

ஷ்செட்சின் நகரில் பதினோரு வருடமாய்
ஒரே தடத்தில் பேருந்து ஓட்டுகிறேன்.
துறைமுக வாசலில் தொடங்கி
ஓதர் பாலம் ஏறி இறங்கி
மூடிக் கிடக்கும் சர்க்கரை ஆலையில் திரும்பி வருவது.
கதவு திறந்தால் புஸ் என்றொரு சத்தம்.
மூடினாலும் அதே புஸ்.
யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.
நானும்தான்.

அன்று பிப்ரவரி.
மழையுமில்லாமல் பனியுமில்லாமல்
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது.
பதினொன்று நாற்பத்தேழு. கடைசி வண்டி.
கதவை மூடிவிட்டேன்.
வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் ஓடி வந்தாள்.
ஒரு கையில் பை, மறு கை தலைக்கு மேலே.
பச்சைத் தொப்பி.
அட்டவணைப்படி அது நான் கிளம்ப வேண்டிய நொடி.
கிளம்பினேன்.

அவ்வளவுதான் கதை.
நடந்தே போனாளா, டாக்சி பிடித்தாளா,
அடுப்பில் சூப்பை வைத்துக்கொண்டு
யாராவது காத்திருந்தார்களா,
தெரியாது.
மறுநாள் செய்தித்தாளில் ஒன்றுமில்லை.
நான் தேடினேன் என்பதுதான் விஷயம்.
நான்கு வருடமாய்த் தேடுகிறேன்.

மன்னிப்புக் கேட்க ஒரு முகம் வேண்டும்.
என்னிடம் இருப்பதோ
உள்ளங்கை அகலக் கண்ணாடியில்
சிறுத்துக்கொண்டே போகும் ஒரு தொப்பி.

நகராட்சி நீச்சல்குளத்துக்கு மேலே ஓர் அறை.
செவ்வாய்தோறும் ஏழு பேர் கண்மூடி உட்காருகிறோம்.
ஊதுபத்திக்குப் பதில் குளோரின்.
நடத்துபவள் போஷெனா; பகலில் பல்செட் செய்கிறாள்.
மூச்சை எண்ணுங்கள்,
பத்து வந்தால் ஒன்றுக்குத் திரும்புங்கள் என்பாள்.
வேறு தத்துவம் கிடையாது.
ஒரு மணி உண்டு,
அதுவும் கீழே பிள்ளைகள் போடும் கூச்சலில் பாதிதான் கேட்கும்.

முதல் இரண்டு மாதம் மூன்றைத் தாண்டவில்லை.
நான்கில் அவள் ஓடி வருவாள்.
விரட்டிப் பார்த்தேன்.
கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
மனசுக்குள் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து
வாருங்கள் அம்மா, டிக்கெட் வேண்டாம்
என்றும் சொல்லிப் பார்த்தேன்.
ஏறமாட்டாள்.
எத்தனை முறை நிறுத்தினாலும்
அவள் ஓடிக்கொண்டேதான் இருந்தாள்.

ஷூ மாட்டும்போது போஷெனாவிடம் சொல்லிவிட்டேன்.
"எனக்குப் பல்லைத் தவிர ஒன்றும் தெரியாது, லெஷெக்.
பிடுங்கின இடத்தை நாக்கு போய்ப் போய்த் தொடும்.
தொட்டுப் போகட்டும்.
நாக்கை அதட்டி என்ன ஆகப்போகிறது?"
சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.

அடுத்த செவ்வாய் நான்கில் அவள் வந்தாள்.
நான் நிறுத்தவில்லை, ஓட்டவும் இல்லை.
ஓடுகிறாள், அவ்வளவுதான்.
அதே கண்ணாடியின் ஓரத்தில்
இத்தனை வருடம் கண்ணில் படாத ஒருவன்:
பத்து மணி நேரம் உட்கார்ந்து கழுத்து இறுகியவன்,
மடியில் பிரிக்காத சாண்ட்விச்,
அவனுக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.
அவனை எனக்குப் பிடிக்கவில்லை.
ஆனாலும் இறக்கிவிடவில்லை.

ஐந்து என்றது மூச்சு.
அழுகை வருமென்று நினைத்தேன்.
வந்தது தும்மல்.

இப்போதெல்லாம் கதவை மூடுமுன்
ஒரு மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே.
ஏழு நொடி.
நிறுத்தங்கள் இருபத்தாறு;
ஆலைக்குப் போய்ச் சேர மூன்று நிமிடம் தாமதம்.
பணிமனையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
சாலையில் பனி என்று எழுதிக் கொடுத்தேன்,
ஜூன் மாதம்.

பெரும்பாலும் யாரும் வருவதில்லை.
வெறும் நடைபாதை, ஒரு குப்பைத்தொட்டி,
அதற்காகவும் ஏழு நொடி நிற்கிறேன்.
நேற்று ஒரு பையன் ஓடி வந்து ஏறினான்.
காதில் பாட்டு; நன்றி சொல்லவில்லை.
அவன் ஏறியதில் எந்தக் கடனும் தீரவில்லை,
அது எனக்குத் தெரியும்.

பச்சைத் தொப்பி சில இரவுகளில் இன்னும் வரும்.
வரட்டும்.
உள்ளே. வெளியே.
புஸ்.
கண்ணாடியைப் பார்க்கிறேன்.
கிளம்புகிறேன்.