மாடியிலிருந்து இறங்கியவை

கெடிலம் புதுப்பாளையத்துக்குள் வந்து
இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போன பிறகு
அடுக்களையை மொத்தமாக மொட்டைமாடிக்கு ஏற்றினோம்.
ஏற்ற ஏற்ற வந்துகொண்டே இருந்தது.
கரண்டி மட்டும் இருபத்தேழு.
கேஸ்கட் இல்லாத குக்கர்,
குக்கர் இல்லாத கேஸ்கட்.
ஐந்து பாட்டிலில் கடுகு,
ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு விரற்கடை.
பைகளைப் போட்டு வைத்த பைக்குள் இன்னும் பைகள்.
புடவை எடுத்தால் டப்பா, கொலுசு எடுத்தால் டப்பா,
பாதிக்கு மூடி இல்லை,
மூடிகளுக்கோ டப்பா இல்லை.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குமாரதேவன் கேட்டார்:
"இத்தனையும் வச்சுக்கிட்டா
தினம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம்?"

கீழே
சுண்ணாம்பு அடித்த காலி அறை.
பேசினால் எதிரொலித்தது.
முட்டி உயரத்தில் ஆறு போட்ட கோடு
வெள்ளைக்கு அடியிலும் தெரிந்தது.
அந்த அறையைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆக ஒரு ஏற்பாடு:
எது வேண்டுமோ அதை மட்டும்
வேண்டும்போது போய் எடுத்து வருவது.
பதினெட்டுப் படி.
முட்டி வலிக்காரிக்கு
ஆசை தானாகக் குறையும்.

முதல் நாள் இறங்கியவை
பால் சட்டி, வடிகட்டி, இரண்டு டம்ளர்.
மறுநாள் சோற்றுப் பானை, அரிவாள்மனை,
சாதத்துக்கு ஒரு கரண்டி, குழம்புக்கு ஒன்று.
சனிக்கிழமை துறைமுகத்துச் சங்கரா வந்தது,
மண்சட்டி இறங்கியது.
தோசைக்கல் தன்னோடு திருப்பியையும் கூட்டி வந்தது.
மிக்சிக்கு ஒன்பது நாள் ஆயிற்று,
அதுவரை இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும்.

தை பிறந்தும்
தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது பாக்கி.

பழைய பாத்திரக்காரர் தராசோடு வந்த அன்று
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.
விளிம்பில் புள்ளி புள்ளியாய் வெட்டிய பெயர்கள்.
"அன்பளிப்பு: தே. அஞ்சலாட்சி குடும்பத்தார், நெல்லிக்குப்பம்."
அஞ்சலாட்சியோடு இப்போது பேச்சு இல்லை.
அறுநூற்றைம்பது கிராம்.
பேச்சுவார்த்தை உள்ளவர்களும் ஏறினார்கள்.
அவர்களைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்,
முகம் தெரிய வேண்டாமென்று.

கடைசியில் ஒரு சொம்பு.
"ப.ர. கனகவல்லி 12-6-78."
எங்கள் இரண்டு பக்கத்திலும் கனகவல்லி கிடையாது.
ஏதோ பந்தியில் மாறி வந்திருக்க வேண்டும்.
அப்படியென்றால் எங்கள் சொம்பு
பண்ருட்டியிலோ பாகூரிலோ
என் மாமியார் பெயரைச் சுமந்துகொண்டு
யார் வீட்டுக் குழாயடியிலோ நிற்கும்.
"நூத்திப்பத்து ரூபா தரேம்மா."
இடுப்பில் வைத்துக்கொண்டேன்.
பிறத்தியார் பொருளை எப்படி விற்பது?

கழிப்பதில் பெரிய கஷ்டமில்லை.
காலி அலமாரி இருந்தால் இந்த வீடு மோப்பம் பிடிக்கிறது.
திங்களன்று ஹெல்மெட் வந்து உட்கார்ந்தது.
செவ்வாய் கரண்ட் அட்டை,
அதன்மேல் நகவெட்டி.
தாம்பூலப் பையில் வந்த புது டப்பாவில்
பக்கத்து வீட்டு மெகருன்னிசா மகன்
கோலி போட்டு வைத்திருக்கிறான்.
ராத்திரி அடுப்பை அணைத்து மேடையைத் துடைத்ததும்
உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்ப்பேன்.
சுவர் வரை முட்டாமல் போக வேண்டும்.
வாரத்தில் நாலு நாள் போகிறது.

பொங்கலுக்கு நாத்தனார் ஐந்து பேரோடு வந்தாள்.
தட்டு நாலு.
வாழையிலை வாங்கி வந்தார் குமாரதேவன்.
சாப்பிட்டு எழுந்தவள் அலமாரியைப் பார்த்து
என் கையைப் பிடித்துக்கொண்டாள்:
"எல்லாத்தையும் ஆறு கொண்டு போயிட்டுதா?"
எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது.
ஆமாம் என்றுவிட்டேன்.

பத்தே நாளில் பார்சல்.
எவர்சில்வர் டப்பா, ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பன்னிரண்டு.
பன்னிரண்டிலும் பெயர் வெட்டியிருந்தது.
மாடிப்படியில் ஏழாவது படியில் இருக்கிறது,
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கனகவல்லிதான் இப்போது அரிசி அளக்கிறாள்,
எங்கள் இருவருக்கும் முக்கால் சொம்பு.
கழுவி வைக்கும்போது
பெயர் வாசல் பக்கம் பார்க்க வைக்கிறேன்.
யாராவது உள்ளே வந்து
"அட, இது எங்களுது" என்றால்
கொடுத்துவிடலாம்.