நகல்

கொக்கிரகுளம், ஆட்சியர் அலுவலகம், மாடி.
ஐந்து துறை, ஐந்து அறிக்கை, ஒரே குளம்.
தட்டச்சு நான் ஒருத்திதான்.

பொதுப்பணித் துறை முதலில் வந்தது:
செம்பாறைக்குளத்துள் நின்ற கருவேலமரம்
முந்நூற்றுப் பன்னிரண்டும் அகற்றியாயிற்று,
கொள்ளளவு கூடியிருக்கிறது.
சரிதான்.

வனத்துறை அரைப் பக்கம்:
கூழைக்கடா இவ்வாண்டு கூடு கட்டவில்லை.
காரணம் ஆய்வில் உள்ளது.

வேளாண்மையில் குருபாதம் சார்
பென்சிலால் எழுதித் தருவார், முத்து முத்தாக.
பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு
இந்தப் பிசானத்தில் யூரியா இரண்டு மடங்கு.
இல்லை, எச்சம் என்று அவர் எழுதவில்லை.
அது நான்,
டீ ஆறுகிறவரை நினைத்தது.

மீன்வளம்: பாசி படர்ந்து
கெண்டை செத்து மிதந்தது, நாலு குவிண்டால்.
சுகாதாரம்: கொசு அதிகம், புகை அடித்தாயிற்று,
காய்ச்சல் நாற்பத்தேழு பேர்.
அதில் நாற்பத்தொன்றாவது என் அக்கா மகன்.

எவர் அறிக்கையிலும் பிழை இல்லை.
ஒற்றுப்பிழைகூட நான் விடவில்லை.

ஒவ்வொன்றின் அடியிலும் ‘நகல்’ என்று ஒரு வரி.
அது சென்னைக்குப் போகும், மேலே, இன்னும் மேலே.
பக்கத்து மேசைக்கு நகல் கிடையாது.
குருபாதம் சாருக்கும் வனத்துறைக்கும் நடுவே இருப்பது
ஒரு மண்பானையும் ஒரு டம்ளரும்தான்.

கோப்பு கட்டும்போது
ஊசி ஐந்தையும் ஒரே குத்தில் தாண்டியது.
அதற்குத் துறை தெரியாது.

ஆள் கலைந்த பிறகு உட்கார்ந்து
ஐந்தின் அடியிலும் மற்ற நாலுக்கும் நகல் என்று சேர்த்தேன்.
தட்டச்சு: மை.பீ.

பேட்டை பஸ் பாலத்தில் நின்றுபோனது.
இங்கே மஞ்சள் வெயில்.
கீழே ஆறு செங்கலங்கல்,
மலையில் எங்கேயோ மழை.
படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவன்
வானத்தைப் பார்க்கவே இல்லை,
தண்ணீரைப் பார்த்தான்,
துணிகளை வாரிக்கொண்டு மேலேறினான்.

காலையில் ஐந்தும் என் மேசையில்.
சிவப்பு மையில் வட்டம்: நடைமுறையில் இல்லை, நீக்குக.
நீக்கினேன்.
குருபாதம் சாருடையதில் மட்டும்
கைமறதியாக விட்டுப்போச்சு.

பதினோரு மணி இருக்கும்.
வனத்துறைப் பக்கமிருந்து
பானையை நோக்கிச் செருப்புச் சத்தம்.
தண்ணீர் குடிக்கத்தானோ என்னவோ.
டம்ளர் ஓசை இன்னும் கேட்கவில்லை.